12 மணி நேரம் கடையில நின்னா எவ்வளவு நேரம் ரெஸ்ட் கிடைக்கணும்? கணக்கு போட்டு பாப்போம்

[திரையில்: ஜவுளிக்கடை ஷட்டர் தூக்குற சத்தம், கடிகாரம் காலை 10]

வணக்கம் மக்களே. இந்த வீடியோவ கடையில வேலை பாக்குறவங்க பாருங்க, இல்ல உங்க வீட்டுல அக்காவோ தம்பியோ யாராவது ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட், பாத்திரக்கடைன்னு வேலைக்குப் போறாங்கன்னா அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

நானும் ரெண்டு வருஷம் தி.நகர்ல ஒரு துணிக்கடையில சேல்ஸ்ல நின்னவன்தான். கடை பேரு வேண்டாம். காலைல 10 மணிக்கு உள்ள போனா நைட்டு 10 மணிக்கு வெளிய வருவோம், மதியம் சாப்பிட 20 நிமிஷம், சாயங்காலம் டீக்கு 10 நிமிஷம், அதுவும் கஸ்டமர் நிக்கலன்னாதான், நின்னா டீ ஆறிப் போயிரும், பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போகணும், ரெண்டாவது தடவை சொன்னா ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, அந்தப் பார்வைக்கு பயந்தே பாதி பொண்ணுங்க தண்ணி குடிக்க மாட்டாங்க. அப்ப எனக்கு இதெல்லாம் சட்டப்படி தப்புன்னே தெரியாது. கடைன்னா இப்படித்தான்னு நெனச்சேன்.

[திரையில்: பழைய கெஸட் பக்கம் மாதிரி ஒரு படம், கீழ "1947"]

சட்டம் ஒண்ணும் புதுசு இல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அப்ப மெட்ராஸ் ஆக்டுன்னு பேரு. சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம் வந்த சட்டம், நம்ம தாத்தா கடையில நின்ன காலத்துலேந்து இருக்கு.

இதுல நமக்கு வேண்டியது நாலே நாலு நம்பர்தான். 8, 10, 12, அப்புறம் 1.

ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வேலை வாங்கலாம், ஆனா ஓ.டி.யோட சேத்து நாளைக்கு 10 மணி நேரத்தத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது, அந்த ஓ.டி.க்கு ரெண்டு மடங்கு சம்பளம். நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கணும்னா குறைஞ்சது ஒரு மணி நேரம் இடைவேளை குடுத்திருக்கணும். ஒரு மணி நேரங்க, 20 நிமிஷம் இல்ல. கடைசியா வேலை, ரெஸ்ட்டு எல்லாம் சேத்து காலைல ஆரம்பிச்சு நைட்டு முடியிற வரைக்கும் மொத்தம் 12 மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரணும்.

சரி, இங்கதான் மேட்டரே இருக்கு, கொஞ்சம் கவனமா கேளுங்க.

[திரையில்: 12 கட்டம் வரைஞ்ச ஒரு கோடு, ஒவ்வொண்ணா கலர் ஆகுது]

முதலாளி சொல்றது என்னன்னா, "தம்பி, சட்டமே 12 மணி நேரம்னுதான் சொல்லுது, நான் 10லேந்து 10தான் வச்சிருக்கேன்". கேக்க கரெக்டா இருக்குல்ல? நான் இத நம்பிட்டேதான் இருந்தேன். ஆனா 12 மணி நேரங்கறது நீங்க கடையில இருக்கற நேரம். வேலை செய்யற நேரம் அதிகபட்சம் 10. அப்ப மிச்சம் 2 மணி நேரம் எங்க போச்சு? அது ரெஸ்ட்டு. கண்டிப்பா ரெஸ்ட்டாதான் இருந்தாகணும், வேற கணக்கே வராது. அதுவும் ஓ.டி. பணம் குடுக்கற கடையா இருந்தா. ஓ.டி.ன்னு ஒரு ரூபா கூட குடுக்கலன்னா உங்க வேலை நேரம் 8தான், அப்ப 12 மணி நேரம் உள்ள வச்சிருந்தா 4 மணி நேரம் ரெஸ்ட்டு குடுத்திருக்கணும்.

நாலு மணி நேரம் ரெஸ்ட்டு குடுக்குற கடைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, நீங்க பாத்திருந்தா சொல்லுங்க, அங்க வேலைக்கு சேந்துர்றேன்.

இப்ப இத காசுல பாப்போம். ஒரு உதாரணத்துக்கு மாசம் 12,000 சம்பளம், 26 நாள் வேலைன்னு வச்சுக்குவோம். டெய்லி 10லேந்து 10, ரெஸ்ட்டு மொத்தமே அரை மணி நேரம். அப்ப வேலை செஞ்சது பதினொன்றரை மணி நேரம். 8 போக மூன்றரை மணி நேரம் எக்ஸ்ட்ரா. 26 நாளைக்கு 91 மணி நேரம். 12,000த்த 26ஆல வகுத்து 8ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 57 ரூபா 70 பைசா, அதுக்கு டபுள், 91ஆல பெருக்குனா 10,500 ரூபா வருது. சம்பளம் 12,000, அதுக்கு மேல 10,500. நான் இத முதல் தடவ கால்குலேட்டர்ல போட்டப்ப தப்பா அமுக்கிட்டோம்னு நெனச்சு மறுபடி போட்டேன்.

சோறு சாப்பிடுற நேரம், அதப் போய் கேட்டு சண்டை போடணுமான்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. அதுல உங்க சம்பளமும் போகுதுங்க. இன்னொண்ணு, மேல சொன்ன பதினொன்றரை மணி நேரம் ஓ.டி. பணம் குடுத்தாலும் தப்புதான், ஏன்னா 10 தாண்டிருச்சு.

[திரையில்: கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல்]

அடுத்து உக்கார்றது. பிரேக் இல்லாத நேரத்துல கூட கஸ்டமர் இல்லன்னா உக்காரலாமா? உக்காரலாம். 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தாரு, அது சட்டமாகி 22-ஏன்னு ஒரு பிரிவு புதுசா சேந்துச்சு. வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கிடைக்கறப்போ உக்காந்துக்கற மாதிரி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும். எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான், கேஷியருக்கு மட்டும் இல்ல.

இதுக்கு முன்னாடியே 2018ல கேரளாவுல வந்துருச்சு. அதுவும் மேலேந்து தானா வந்தது இல்ல. கோழிக்கோட்டுல மிட்டாய் தெருன்னு ஒரு பெரிய கடைவீதி இருக்கு, நம்ம ரங்கநாதன் தெரு மாதிரின்னு வச்சுக்கங்க, அங்க கடைகள்ல வேலை பாத்த பொண்ணுங்களுக்கு பாத்ரூமே கிடையாது. விஜின்னு ஒருத்தர், அவங்க தையல் வேலை பாத்தவங்க, பெண்கூட்டுன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு முதல்ல பாத்ரூமுக்காக போராடி, அப்புறம் உக்கார்ற உரிமைக்காக வருஷக்கணக்கா போராடுனாங்க. சட்டம் மாறுன அந்த 2018ல பிபிசி போடுற 100 பெண்கள் லிஸ்ட்ல அவங்க பேரு வந்துச்சு. ஒரு நாற்காலிக்கு இவ்வளவான்னு தோணலாம். இங்கிலாந்துல 1899லயே கடையில மூணு பெண் ஊழியருக்கு ஒரு சீட்டாவது போடணும்னு சட்டம் போட்டுட்டாங்க, நமக்கு 2021.

ஏன் இவ்வளவு முக்கியம்னா, நடக்கும்போது கெண்டைக்கால் சதை பம்ப்பு மாதிரி அமுக்கி ரத்தத்த மேல தள்ளும். அசையாம ஒரே எடத்துல நின்னா அந்த பம்ப்பு ஓடாது, ரத்தம் கீழயே தேங்கும், சாயங்காலம் கால் வீங்கும், செருப்பு டைட்டாகும், இது வருஷக்கணக்கா போனா நரம்பு சுருட்டிக்கும். எங்க கடையில பத்து வருஷம் நின்ன அண்ணன் ஒருத்தர் பேன்ட்ட தூக்கிக் காட்டுனாரு, நீல நீலமா கயிறு மாதிரி. தண்ணி குடிக்காம அடக்கி வைக்கற பொண்ணுங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வேற.

சட்டம் வந்தப்புறம் பழைய கடைக்கு ஒரு தடவ துணி எடுக்கப் போனேன். ஸ்டூல் வந்துருந்துச்சு! சந்தோஷமா கிட்டக்க போய்ப் பாத்தா மேல சட்டை பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க. அங்க நின்ன பையன்கிட்ட "உக்கார விடுறாங்களா தம்பி"ன்னு கேட்டேன். "விடுவாங்கண்ணே, கேமரா இருக்குல்ல"ன்னு மேல கண்ணக் காட்டுனான்.

[திரையில்: கேள்வி குறி]

சில டவுட்ட வேகமா பாத்துருவோம். வாரத்துல ஒரு நாள் முழு லீவு சட்டப்படி உண்டு. "இப்பதான் 24 மணி நேரமும் கடை தொறக்கலாம்னு அரசு சொல்லிருச்சே"ம்பாங்க, ஆமா, 2019ல 10 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற கடைகளுக்கு அந்த அனுமதி வந்துச்சு, ஆனா தொறந்திருக்கறது கடை, நீங்க இல்ல, உங்களுக்கு அப்பவும் 8 மணி நேரம்தான். 2023ல 12 மணி நேர வேலைன்னு ஒரு பெரிய சண்டை வந்து மே தினத்தன்னைக்கு வாபஸ் வாங்குனாங்கல்ல, அது ஃபேக்டரிக்கு, அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க. கைக்குழந்தை இருக்கற அம்மாங்களுக்கு, பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்கு வந்தப்புறம் குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்க டெய்லி ரெண்டு பிரேக் தனியா உண்டு, அது வேற ஒரு சட்டத்துல வருது. அப்புறம் முதலாளியோட கூடவே இருக்கற சொந்த பையனுக்கு இந்த கடை சட்டம் பொருந்தாது, குடும்ப ஆளுங்கள விட்டுட்டாங்க, அதனால அப்பா கடையில உக்காந்து இந்த வீடியோ பாக்கற தம்பிங்களா, உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப முக்கியமான கேள்வி. கேட்டா வேலைய விட்டு தூக்கிருவாங்களே? பயம் நியாயம்தான், அதுவும் கடை ஹாஸ்டல்லயே தங்கி கடை மெஸ்லயே சாப்பிடுற திருநெல்வேலி, தூத்துக்குடி பசங்களுக்கு வேலை போனா அன்னைக்கு நைட்டு படுக்க எடமும் போச்சு. சட்டத்துல 41ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா நியாயமான காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கு சம்பளமோ குடுக்காம அனுப்ப முடியாது, அனுப்புனா அப்பீல் போகலாம். ஆனா அப்பீல் நடக்கற வரைக்கும் வயிறு காத்திருக்குமாங்கறது வேற விஷயம், அதனால நாளைக்கே போய் முதலாளிகிட்ட சட்டம் பேசுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தனியா போகாதீங்க, செக்‌ஷன்ல நாலஞ்சு பேரு சேந்து பேசுங்க, யூனியன் இருந்தா அவங்க மூலமா போங்க. புகார் குடுக்கறது உங்க ஏரியா தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆஃபீஸ்ல, எழுதிக் குடுக்கணும், நகல் ஒண்ணு கையில வச்சுக்கணும்.

அதுக்கு முன்னாடி கையில கணக்கு வேணும். கடை ரெஜிஸ்டர்ல என்ன எழுதுறாங்கன்னு நமக்கு காட்ட மாட்டாங்க, அதனால நம்ம நேரத்த நாமளே எழுதி வைக்கணும். எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, பட்டு செக்‌ஷன்ல இருக்காங்க, அவங்ககிட்ட இத சொன்னதுலேந்து டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி சாப்பிடப் போன நேரம், திரும்ப வந்த நேரம் ரெண்டையும் எழுதி ஒரு பழைய ஹேண்ட்பேக்ல போட்டு வைக்கிறாங்க.

[திரையில்: காலண்டர் தாள்கள், கையெழுத்து]

மூணு வாரம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழம எல்லாத்தையும் எடுத்து வரிசையா அடுக்கிப் பாத்தோம். இருக்கறதுலயே நீளமான பிரேக் 27 நிமிஷம். "அன்னைக்கு கரண்ட் போயிருச்சுடா"ன்னாங்க.