இரவு இரண்டு மணிக்கு சரியான தீயணைப்பு நிலையத்தை மட்டும் எழுப்புவது எப்படி?

[திரையில்: இருட்டான அறை, வரிசையாகக் கட்டில்கள். ஐந்து விநாடிக்கு எதுவும் நடக்கவில்லை. பிறகு மெல்லிய ஒலி, மங்கலான சிவப்பு விளக்கு.]

இப்போது கேட்டீர்களே, அந்த ஒலிக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். எங்கோ ஓர் அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்து, பதற்றத்தில் வார்த்தை வராமல் தவிக்கிறவரிடம் முகவரியைக் கேட்டு வாங்கி, தட்டச்சு செய்து, ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்தப் பட்டனில் இருந்து இந்த விளக்கு வரைக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சத்தம் போட்டு ஆளை எழுப்ப யாராலும் முடியும். ஒரே அலைவரிசையை இருபது நிலையங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, போக வேண்டிய ஒன்றை மட்டும் எழுப்பிவிட்டு மற்ற பத்தொன்பதையும் தூங்க விட வேண்டும், அதுதான் கஷ்டம். தனக்குச் சம்பந்தமில்லாத அழைப்புக்கெல்லாம் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டே இருந்தால் யாருக்குமே ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் மரத்துப்போய்விடும்.

இந்தச் சிக்கல் ரேடியோவுக்கு முன்பே இருந்தது. 1852-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் என்ற இருவர் தந்திக் கம்பியில் ஓடும் தீ எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தார்கள். தெருப் பெட்டியின் கைப்பிடியை இயக்கினால் அதன் எண் கம்பி வழியே மையத்துக்குப் போகும். அப்புறம் மணி அடிக்கும், அடிகளை எண்ணித்தான் எந்தப் பகுதி என்று தெரிந்துகொள்வார்கள்.

[திரையில்: இரண்டு அலை வடிவங்கள், ஒன்று குட்டையாக, அடுத்தது நீளமாக.]

ரேடியோ வந்த பிறகும் அடிப்படை யோசனை அதேதான், மணிக்குப் பதில் டோன், அதாவது ஒரே சுருதியில் நீளும் ஒலி. பரவலாகப் பழகிய முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு டோன்கள் சேர்ந்த ஒரு ஜோடி உண்டு: முதல் டோன் 1 விநாடி, இரண்டாவது 3 விநாடி. நிலையத்தில் இருக்கும் ரிசீவர், அல்லது தன்னார்வத் தீயணைப்பு வீரரின் இடுப்பில் இருக்கும் பேஜர் என்ற குட்டி ரிசீவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் ஸ்பீக்கரை மூடியே வைத்திருக்கும். தன்னுடைய ஜோடி, அதே வரிசையில், போதுமான நேரம் வந்தால் மட்டும் திறக்கும். சரி, ஏன் இரண்டு? ஒரே டோன் என்றால் யாராவது சேனலில் பேசும்போது அந்தச் சுருதி தற்செயலாக விழுந்துவிடலாம். ஆனால் எந்த மனிதக் குரலும் ஒரு சுருதியை ஒரு விநாடி அசையாமல் பிடித்து, உடனே இன்னொன்றை மூன்று விநாடி பிடிக்காது. இன்னொரு லாபமும் உண்டு. பத்தே பத்து டோன்களை வைத்து, வரிசையையும் கணக்கில் எடுத்தால், 90 வெவ்வேறு ஜோடிகள் கிடைக்கும். இவ்வளவு எளிய ஒரு யோசனை இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருப்பது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

என்ன, இதில் நேரம் போகும். நான்கு நிலையங்களை அழைக்க வேண்டும் என்றால் நான்கு ஜோடி டோன், கிட்டத்தட்ட 16 விநாடி, அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். அதனால் புதிய நிலையங்களில் அழைப்பு நெட்வொர்க் வழியே தரவாகப் போகிறது, பழைய ரேடியோ துணைக்கு நிற்கிறது. கணினி எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், டிஸ்பேட்சர், அதாவது ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் அந்த நபர், ஒப்புக்கொண்டால் எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் எழும். முகவரியைக் கணினிக் குரலே வாசித்துவிடுவதால் டிஸ்பேட்சரால் அழைத்தவரோடு பேச்சைத் தொடர முடிகிறது.

[திரையில்: அடுப்பின் நெருப்பு தானாக அணைகிறது.]

நிலையத்துக்குள் பாருங்கள். ஒலி மெதுவாகத் தொடங்கி ஏறுகிறது, ஏனென்றால் ஆழ்ந்த தூக்கத்தில் திடீரென்று அலறினால் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். இருட்டுக்குப் பழகிய கண் கூசக்கூடாது என்பதால் விளக்கு சிவப்பு. சமைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடுவார் என்று தெரிந்து அடுப்புக்கு வரும் எரிவாயுவையும் இந்த அமைப்பே நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் முழுநேரத் தீயணைப்புத் துறைகளுக்கான என்எஃப்பிஏ (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 1710 என்ற தரநிலை, தீ விபத்து அழைப்பு வந்ததில் இருந்து கவச உடை மாட்டி வண்டி கிளம்ப 80 விநாடி இலக்கு வைத்திருக்கிறது. கட்டிலில் இருந்து எழுந்து, பூட்ஸுக்குள் கால் நுழைத்து, சீட் பெல்ட் போடுவது வரை எல்லாம் அதற்குள்.

குரலில் சொல்லும்போதும் ஒரு வரிசை உண்டு: எந்த வண்டி, என்ன சம்பவம், எங்கே, எந்தச் சேனலுக்கு மாற வேண்டும். முகவரியை இரண்டு முறை சொல்வார்கள், முதல் முறை பாதித் தூக்கத்தில் இருக்கிறவருக்குப் போய்ச் சேராது.

சம்பவ இடத்துக்குப் போனதும் வேறு சேனல். நிலையங்களை அழைக்கும் டிஸ்பேட்ச் சேனல், மேட்டில் இருக்கும் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் கருவி) வழியாக ஊர் முழுக்கப் போகும். ஆனால் கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்கிறவரின் கையடக்க ரேடியோ அந்த ரிப்பீட்டரை எட்டாமல் போகலாம், வெளியே முப்பது மீட்டரில் நிற்கும் அதிகாரியை எட்டிவிடும். அதனால்தான் பல துறைகள் உள்ளே போகிறவர்களுக்கு ரேடியோவில் இருந்து ரேடியோவுக்கு நேராகப் பேசும் சேனலைத் தருகின்றன.

கடைசியாக, பழுது. கெட்டுப்போன ரிசீவர் அமைதியாக இருக்கும். அழைப்பு வராத ரிசீவரும் அதே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் பல இடங்களில் தினமும் ஒரு குறித்த நேரத்தில் சோதனை டோன் அனுப்புகிறார்கள். அந்த நேரம் தாண்டியும் ஸ்பீக்கர் திறக்கவில்லை என்றால், நிலையத்தில் இருக்கிறவர் தொலைபேசியை எடுத்து கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடுகிறார்: “எங்களுக்கு டோன் வரவில்லை, இன்னொரு முறை அனுப்புங்கள்.”