ஆர்டரின் நட்டம் யார் தலையில்?

நேயர்களுக்கு வணக்கம். உலகமயப் பொருளாதாரத்தில் நிறுவனங்களும் தொழிலாளர்களும் எதிர்கொள்ளும் சவால்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது என்பதால், அதில் ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டில் ஆர்டர் கொடுத்து இன்னொரு நாட்டில் செய்து வாங்கப்படும் பொருளில், இடையில் ஏதேனும் பிசகினால் அந்த நட்டம் யார் தலையில் விடிகிறது?

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களோடு (கன்டெய்னர்களோடு) ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் செலவைப் பெட்டகம் வெகுவாகக் குறைத்துவிட்டதால், எங்கே கூலி குறைவோ அங்கே பொருளைச் செய்து வாங்குவது பிற்காலத்தில் கட்டுப்படியானது. ஆடை வணிகத்தில் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்திருந்த ஒதுக்கீட்டு முறையும் 2005 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அதன்பிறகு, விலை ஒத்துவராவிட்டால் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லும் வசதி வாங்குபவருக்கு முழுமையாகக் கிடைத்தது. இயந்திரங்களுக்குக் கடன் வாங்கி ஆலை கட்டியவரால் அப்படி எங்கும் போக முடியாது. அங்கே வேலை செய்பவராலும் முடியாது.

ஆடைத் தொழிலையே பார்ப்போம். புகழ்பெற்ற பல வணிகப் பெயர்களுக்கு (பிராண்டுகளுக்கு) சொந்தத் தையல் ஆலையே கிடையாது. துணி வாங்கி, வெட்டித் தைத்து, பெட்டியில் அடைத்துத் துறைமுகத்தில் சேர்ப்பது வரையிலான செலவைப் பல ஒப்பந்தங்களில் உற்பத்தியாளர்தான் முதலில் போடுகிறார்; சரக்கு கப்பலேறி 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் வாங்குபவர் தாமதித்தாலும், நிறத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினாலும், கப்பலேற்ற வேண்டிய தேதி மட்டும் பெரும்பாலும் நகர்வதில்லை. அந்தத் தேதி தவறினால் விலையில் தள்ளுபடி கொடுக்க வேண்டும், இல்லையேல் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். விமானக் கட்டணம் அந்த ஆர்டரின் இலாபத்தை அப்படியே விழுங்கிவிடும்.

துணி விலையையோ வங்கி வட்டியையோ உற்பத்தியாளரால் குறைக்க இயலாது. அவர் கைக்கு எட்டுவது தொழிலாளரின் நேரம் ஒன்றுதான். தையல் வரிசையின் முன்னால் தொங்கும் பலகையில் மணிக்கு இத்தனை உருப்படி என்று எழுதியிருக்கும் இலக்கு, தேதி நெருங்கும்போது அழித்துக் கூட்டி எழுதப்படுகிறது. நாள் முழுவதும் காலரை மட்டுமே தைத்துக் கொடுக்கும் பெண், தன்னால் வரிசை நின்றுவிடக் கூடாதே என்று கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். மாலையோடு முடிய வேண்டிய வேலை ஓவர்டைமாக நள்ளிரவு வரை நீள்கிறது. அப்படியும் முடியாத பகுதி, வேலைச் சூழலைச் சோதிக்கும் எந்தத் தணிக்கையாளரும் எட்டிப் பார்க்காத சிறு பட்டறைக்குப் பீஸ் ரேட்டில் போகிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் தாமதமான ஒப்புதல் இங்கே ஒருவரின் தூக்கத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. இதற்காக ஆலை முதலாளி எல்லாப் பழியிலிருந்தும் தப்பிவிடுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதலாளியின் பேராசை என்ற ஒற்றைக் காரணத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது, மேலே இருக்கும் வாங்குபவருக்கு மிகவும் வசதியாகிவிடுகிறது.

தணிக்கைகள் இதைத் தடுக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடை ஆலை தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு தொழிலாளர் உரிமை, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான எஸ்.ஏ.8000 என்னும் சர்வதேசச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்திருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்குத் திரும்பும்படி வற்புறுத்தப்பட்டார்கள். அதன் பிறகு வணிகப் பெயர்களும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் கையெழுத்திட்ட பாதுகாப்பு உடன்படிக்கையில் எனக்கு முக்கியமாகப் படும் விதி ஒன்று இருந்தது. ஆலை பாதுகாப்பாக இயங்குவதற்குப் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகும் வகையில் வாங்குபவர் வணிக நிபந்தனைகளைப் பேச வேண்டும் என்பதே அது. பாதுகாப்பு, கொள்முதல் விலையோடு கட்டுண்டது என்பதை வாங்குபவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனாலும் 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, ஏற்கெனவே தைத்து முடிக்கப்பட்ட ஆர்டர்களைக்கூடப் பல நிறுவனங்கள் ரத்து செய்தன. தடுக்க முடியாத நிகழ்வு நேர்ந்தால் கடமையிலிருந்து விலக்குத் தரும் ஒப்பந்தப் பிரிவை அவை காட்டின. அதே நிகழ்வால் தடுக்கப்பட்ட தையல்காரருக்கு அப்படிக் காட்ட எந்தக் காகிதமும் இல்லை.

ஆலைகள் வெளியேறிய நாடுகளின் தொழிலாளர்களையும் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தோருக்கு உதவ அமெரிக்கா 1962-இலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2022-இல் அது புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. மலிவான சட்டையின் ஆதாயம் எல்லாருக்கும் சிறிது சிறிதாகப் போய்ச்சேர்கிறது; ஆலை மூடிய ஊரில் இழப்பு மொத்தமாக விழுகிறது.

பிரான்சில் 2017-இலும் ஜெர்மனியில் 2023-இலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள், வெளிநாட்டு விநியோகச் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களையும் பெருநிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம். எனினும் அந்தக் கடமையை வாங்குபவர் ஓர் உறுதிமொழிப் படிவமாக்கி, கீழே இருக்கும் ஆலைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விலையை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்ள முடியும்.

இதைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது, அதிகம் பேசப்படாத ஒரு விதி. வேளாண், உணவுப் பொருள் வணிகத்துக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய நெறிமுறைப்படி, அழுகக்கூடிய பொருளுக்கு 30 நாளிலும் மற்றவற்றுக்கு 60 நாளிலும் வாங்குபவர் பணம் கொடுத்தாக வேண்டும். அழுகும் பொருளின் ஆர்டரைக் குறுகிய கால அறிவிப்பில் ரத்து செய்யக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் விற்பனையாளரும் புகார் கொடுக்கலாம். கேட்டுக்கொண்டால் அவர் அடையாளம் மறைக்கப்படும். அடுத்த பருவத்து ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில்தான் சிறு நிறுவனங்கள் வாய் திறப்பதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தக்காளிக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பைச் சட்டைக்கும் காலணிக்கும் கேட்பதில் ஆலை உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார முடியும். கூலிப் பேச்சில் அவர்கள் வழக்கம்போல மோதிக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.