ஸ்பான்சர் புரோக்கர்: சேரும் முன் கேளுங்கள்

வணக்கம். டெக்சாஸில் ரியல் எஸ்டேட் லைசென்ஸுக்குப் படிக்கிற நம் ஆட்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஃபிரிஸ்கோவிலும் சுகர்லாண்டிலும் கேட்கவே வேண்டாம். ஆறு பாடம், 180 மணி நேரம், அப்புறம் தேர்வு, கைரேகை. அதெல்லாம் முடிந்தாலும் கையில் இருப்பது செயல்படாத லைசென்ஸ்தான். ஒரு புரோக்கர் உங்களை ஸ்பான்சர் செய்து, அது மாநில ரியல் எஸ்டேட் கமிஷனில் பதிவான பிறகுதான் தொழிலில் இறங்கலாம். நீங்கள் செய்யும் வேலைக்கு அவர்தான் பொறுப்பு, உங்களுக்கு வரும் கமிஷனும் அவர் வழியாகத்தான் வரவேண்டும்.

புரோக்கரைப் பார்க்கப் போனதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஸ்ப்ளிட் எவ்வளவு, அதாவது கமிஷனில் எனக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பது. சரி, கணக்கே போடுவோம். நான்கு லட்சம் டாலர் வீடு, உங்கள் பக்கக் கமிஷன் 3 சதவீதம் என்றால் 12,000. எழுபது-முப்பது ஸ்ப்ளிட்டில் உங்களுக்கு 8,400, அதிலிருந்து ஃபிராஞ்சைஸ் கட்டணம் (கம்பெனிப் பெயரைப் பயன்படுத்துவதற்கு) என்று மொத்தக் கமிஷனான 12,000-இல் 6 சதவீதம் பிடித்தால் இன்னொரு 720 போகும். நூறு சதவீதமும் உனக்கே, டீலுக்கு 500 மட்டும் கொடு என்கிற ஆபீஸில் 11,500 நிற்கும். பார்த்தவுடன் இரண்டாவதுக்குத்தான் மனம் ஓடும். ஆனால் அந்த நூறு சதவீத ஆபீஸில் சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தால் யார் எடுப்பார்?

ஏன் சனிக்கிழமை என்கிறேன் என்றால், வீடு பார்ப்பதும் ஆஃபர் போடுவதும் பெரும்பாலும் வாரக்கடைசியில்தான். வீடு வாங்கும் உங்கள் ஆள் ஏழு நாள் ஆப்ஷன் (வேண்டாம் என்று விலகிக்கொள்ள அவகாசம்) எடுத்திருக்கிறார், ஆறாம் நாள் ராத்திரி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வருகிறது, ஃபவுண்டேஷனில் விரிசல் (டாலஸ் பக்கத்துக் களிமண்ணில் இது அதிசயமே இல்லை). மறுநாள் மாலை 5 மணிக்குள் ஒன்று ஒப்பந்தத் திருத்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை ரத்து நோட்டீஸ் போக வேண்டும். 5 மணி தாண்டினால் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை போய்விடும், முன்பணமாகக் கட்டிய எர்னஸ்ட் மணிக்கும் ஆபத்து. அந்த நேரத்தில் எந்தப் படிவம், எந்தப் பத்தி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பயிற்சி வீடியோ நூறு இருக்கிறது என்பார்கள். அதை ஐந்து மணிக்குள் யார் பார்ப்பது?

நம்மவர்களிடம் தொழில் செய்யப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டாக வேண்டும். ஒன்று ரிபேட். வீடு வாங்குபவர் முதல் போனிலேயே "எவ்வளவு திருப்பித் தருவீங்க" என்பார். டெக்சாஸில் அது சட்டப்படி தரலாம், ஆனால் நீங்களாக உங்கள் கணக்கிலிருந்து அனுப்பக்கூடாது, புரோக்கர் வழியாகத்தான் போகவேண்டும். அவர் ஒப்புக்கொள்வாரா, எப்படிச் செய்வார் என்று சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, "நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவா காட்டுங்க" என்கிற பேச்சு. கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. நீங்கள் இனம், மதம், பிறந்த நாடு பார்த்து ஏரியாவைத் தள்ளிவிட்டால் 1968-ஆம் ஆண்டு ஃபேர் ஹவுசிங் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள். இதற்கு முகம் சுளிக்க வைக்காமல் எப்படிப் பதில் சொல்வது என்று சொல்லித்தரும் புரோக்கர் கிடைத்தால் விடாதீர்கள்.

புரோக்கர் பெயரை மாநில ரியல் எஸ்டேட் கமிஷனின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் தெரியும். அந்த ஆபீஸில் சேர்ந்து ஒரு வருஷம் ஆன ஏஜென்ட் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள், உங்களை அங்கே சேர்த்துவிட்டால் பங்கு கிடைக்கிற ஏஜென்ட்டிடம் வேண்டாம், அவர் எப்படியும் புகழத்தான் போகிறார்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் விலகும் பகுதியைத்தான் முதலில் படியுங்கள். நீங்கள் பிடித்து வந்த லிஸ்டிங்காக (வீட்டை விற்றுத்தரும் ஒப்பந்தமாக) இருந்தாலும் அது புரோக்கருடையது, நீங்கள் கிளம்பினால் அவர் விட்டுக்கொடுத்தால்தான் உங்களோடு வரும். பாதியில் நிற்கும் டீலுக்குப் பழைய ஸ்ப்ளிட்டா குறைந்த ஸ்ப்ளிட்டா என்று அதில் எழுதியிருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால், எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.