மூன்று நிமிட இசைத்தட்டில் இரண்டு குரல்கள்

அனைவருக்கும் வணக்கம். ஜாஸ் என்றாலே ஆரவாரம் என்று நினைப்பவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கலாம். இன்று நான் பேச வந்திருப்பது அந்த இசையில் தணிந்த குரலில் பேசிக்கொண்ட இருவரைப் பற்றி. பாடகி பில்லி ஹாலிடே, டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்.

1937 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில், பியானோ கலைஞர் டெடி வில்சன் நடத்திய பதிவில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்தார்கள். பில்லிக்கு வயது 21, லெஸ்டருக்கு 27. அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். பாட்டு, தனி வாசிப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

லெஸ்டரின் நாதம் மெல்லியது. டெனர் சாக்ஸபோன் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ் மாதிரி கனமாக அதிர வேண்டும் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. 1934இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் நடத்திய ஜாஸ் குழுவில் ஹாக்கின்ஸின் இடத்துக்கு வந்த லெஸ்டரையும் அப்படியே வாசிக்கச் சொல்லி நெருக்கினார்கள். ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினாராம். லெஸ்டர் மாறவில்லை, சில மாதங்களில் குழுவைவிட்டே போய்விட்டார். நல்லவேளை! கனத்த நாதமாக இருந்திருந்தால் பில்லியின் குரல் அதில் அமுங்கிப்போயிருக்கும்.

பில்லிக்குப் பெரிய குரல் கிடையாது. ஆனால் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சொல்லை இழுத்து, மெட்டைத் தன் போக்கில் வளைத்துப் பாடுவார். ஊதுகருவிக்காரர்கள் செய்கிற வேலை அது. லெஸ்டரோ, ஒரு பாட்டை வாசிக்க வேண்டுமானால் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பவர்.

1937 ஜூனில் பதிவான 'எ செயில்போட் இன் த மூன்லைட்' பாட்டில் இதை நன்றாகக் கேட்கலாம். நிலவு, படகு, காதல் என்று சாதாரணப் பாட்டுத்தான். பில்லி பாடும்போதே லெஸ்டரும் பின்னால் வாசிக்கிறார். நம் கச்சேரியில் வயலின் பாடகரைத் தொடர்ந்து போவதுபோல் இல்லை. தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டே போகிறார், ஆனாலும் ஒரு சொல் மறைவதில்லை. எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், யாருக்கு யார் பக்கவாத்தியம் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

லெஸ்டர் கொஞ்ச காலம் பில்லியும் அவர் அம்மாவும் இருந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர் அவர். பில்லி அவருக்கு வைத்த பெயர் 'ப்ரெஸ்', அதாவது பிரசிடென்ட்.

அப்புறம் வந்த வருடங்கள் கொடுமையானவை. லெஸ்டருக்கு ராணுவச் சிறை, குடி. பில்லிக்குப் போதை, சிறை. 1959 மார்ச் 15 அன்று லெஸ்டர் போனார். நான்கே மாதத்தில், ஜூலை 17 அன்று, பில்லியும் போனார். அவருக்கு வயது 44.

அதற்கு முன் ஒரு நாள் இருக்கிறது. 1957 டிசம்பர் 8, சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரலை. பில்லி தானே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற ப்ளூஸை, அதாவது மனவலியைச் சொல்லும் பாட்டு வகையில் ஒன்றை, பாடுகிறார். உடல் தளர்ந்திருந்த லெஸ்டர் தன் முறை வந்ததும் எழுந்து ஒரே ஒரு சுற்று, 12 பார் (தாள வட்டம்), வாசிக்கிறார். மிகக் குறைந்த ஸ்வரங்கள். கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. லேசான சிரிப்போடு, தலையை அசைத்தபடி, அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காட்சியை இப்போது திரையில் போடப் போகிறோம். சரி, விளக்குகளை அணைத்துவிடலாம்.