நாவலை அனுப்பியாச்சு… பதில் வர்ற வரைக்கும் என்ன பண்றது?

(திரையில்: இருட்டான அறை. மடிக்கணினி வெளிச்சம் மட்டும். ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேல அம்புக்குறி தயங்கி நிற்கிறது.)

ராத்திரி 11:40. ரெண்டு வருஷமா எழுதின நாவல், 300 பக்கம். கண்ணை மூடிக்கிட்டு பொத்தானை அமுக்கியாச்சு. அடுத்த நிமிஷம் நான் பண்ண முதல் காரியம் என்ன தெரியுமா? அனுப்பின மெயிலையே திறந்து, அந்தக் கோப்பைத் திரும்பப் படிச்சதுதான்.

முதல் பக்கம், நாலாவது வரி. ‘அவள் கதைவைத் திறந்தாள்.’

கதவைத்தான் திறந்தா. குறைஞ்சது ஐம்பது தடவை பார்த்த வரி. அப்பல்லாம் கண்ணுல படாத பிழை, கையை விட்டுப் போனதும் பல்லைக் காட்டுது. உடனே திருத்தி, ‘மன்னிக்கணும், இதுதான் சரியான பிரதி’ன்னு இன்னொரு மெயில். மறுநாள் ஏழாம் அத்தியாயத்துல ஒரு சின்ன மாற்றம், மூணாவது மெயில். வாசிக்க ஒத்துக்கிட்ட நண்பர் எதைப் படிக்கறதுன்னு புரியாம, எதையுமே படிக்காம வெச்சிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால, அனுப்பினதுக்கு அப்புறம் எழுத்தாளர் பண்ண வேண்டிய முதல் வேலை, அந்தக் கோப்பைத் தொடாம இருக்கறது. சொல்றது சுலபம்!

(திரையில்: மேசையில் அடுக்கிய தாள்கள். மேலே கடிகாரம்.)

காத்திருக்கறது ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்குன்னா, நாம ஒரு கணக்கைப் போட்டே பார்க்கறதில்லை. ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்னு வைங்க. 300 பக்கத்துக்கு 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். வேலை, வீடு, குழந்தைன்னு இருக்கற ஒருத்தர் தினம் அரை மணி நேரம் ஒதுக்கினாலே 20 நாள் ஆகும். நடுவுல நாலஞ்சு நாள் விட்டுப்போனா ஏறக்குறைய ஒரு மாசம். இது உங்க எழுத்து பிடிச்சுப் படிக்கறவருக்கான கணக்கு! நாமளோ மூணாவது நாளே, ‘ஆன்லைன்ல இருக்காரே, வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடறாரே, நம்ம நாவலை மட்டும் படிக்க நேரமில்லையா?’ன்னு வேவு பார்க்க ஆரம்பிச்சிடறோம்.

இதுக்கு ஒரே மருந்து, கொடுக்கும்போதே தேதி பேசிக்கறது. ‘அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொன்னா போதும், முடியலைன்னாலும் சொல்லிடுங்க’ன்னு ஒரு வரி. அந்தத் தேதி வரைக்கும் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. தேதி பேசாத பிரதி கிணத்துல போட்ட கல்தான்.

(திரையில்: ஜன்னல். நடு ராத்திரியிலும் மங்காத வெளிச்சம்.)

காத்திருப்புன்னு சொன்னாலே எனக்கு ஞாபகம் வர்றது, 1845-ல ரஷ்யாவோட பீட்டர்ஸ்பர்க்ல ஒரு ராத்திரி. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கிக்கு அப்ப வயசு 23. முதல் நாவலை முடிச்சு, கூடத் தங்கியிருந்த கிரிகோரோவிச் மூலமா கவிஞர் நெக்ராசவ்கிட்ட கொடுத்தாச்சு. வீட்டுல இருப்புக் கொள்ளலை. தூரத்துல இருந்த பழைய நண்பர் வீட்டுக்குக் கிளம்பிட்டார். அங்கே ராத்திரி முழுக்க இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் கோகலோட நாவலைப் படிக்கறதும் பேசறதுமா போச்சு. விடிகாலை 4 மணிக்குத் திரும்பறார். அந்தப் பருவத்துல அங்கே ராத்திரியும் பகல் மாதிரி வெளிச்சமா இருக்கும். தூங்கப் போகாம ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருக்கார். திடீர்னு மணி அடிக்குது. கதவைத் திறந்தா நெக்ராசவும் கிரிகோரோவிச்சும் பாய்ஞ்சு வந்து கட்டிப்பிடிக்கறாங்க, கண்ணுல தண்ணியோட. பத்துப் பக்கம் பார்க்கலாம்னு ஆரம்பிச்சவங்க, மாத்தி மாத்தி உரக்கப் படிச்சு, ஒரே மூச்சுல முடிச்சிருக்காங்க.

நமக்கு அப்படி யாரும் விடிகாலையில வந்து மணி அடிக்கப்போறதில்லை. நான் கவனிக்கச் சொல்றது அந்த ராத்திரி அவர் என்ன பண்ணார்ங்கறதை. தன் பிரதியைத் தள்ளி வெச்சிட்டு, இன்னொருத்தர் எழுதினதுக்குள்ள போயிட்டார். நாவல் எழுதற காலத்துல நம்மில் பலர் படிக்கறதையே நிறுத்திடறோம், அடுத்தவர் நடை தொத்திக்கும்னு பயம். அந்தப் பட்டினியை முடிச்சுக்க இதுதான் நேரம்.

(திரையில்: மேசை இழுப்பறை மெதுவாக மூடுகிறது.)

எத்தனை நாள் தள்ளி வைக்கறது? ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் 2,000 வருஷத்துக்கு முன்னாலயே ஒன்பதாவது வருஷம் வரைக்கும் வெளிய விடாம வைன்னு எழுதினார். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங் சொல்றது குறைஞ்சது ஆறு வாரம். ஆறு வாரம்ங்கறது வாசகருக்கு ஆகற ஒரு மாசத்தோட ஏறக்குறைய ஒத்துப்போகுது, அதனால எனக்கு அது வசதி.

தள்ளி வைக்கறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நாம எழுதினதை நாம படிக்கறதே இல்லை. எழுத நினைச்சதைத்தான் படிக்கறோம். ‘கதைவை’ன்னு தாள்ல இருந்தாலும் மூளை ‘கதவை’ன்னு நிரப்பிக்கிட்டுப் போயிடும். எழுத்துப்பிழை மட்டும் இல்லை. அந்தப் பொண்ணு ஏன் வீட்டை விட்டுப் போனாங்கற காரணம் நம்ம மனசுல இருக்கும், பக்கத்துல இருக்காது. கொஞ்சம் மறந்தாதான் அந்த ஓட்டை தெரியும். வாசகர் படிச்சிட்டு இருக்கற நாள்ல நாம மறந்துட்டு இருக்கோம்னு வைங்களேன், ரெண்டுமே வேலைதான்.

கை சும்மா இருக்காதவங்களுக்குச் சில்லறை வேலை நிறைய இருக்கு. பதிப்பாளருக்கு ஒரு பக்கக் கதைச்சுருக்கம், பின்னட்டைக்கு நாலு வரி, உங்களைப் பத்தி ஒரு பத்தி. 300 பக்கம் எழுதினவருக்கு அந்த நாலு வரி எழுத ஒரு வாரம் ஆகும், பார்த்துக்கிட்டே இருங்க. கதையில யாரோட பாட்டு வரியையாவது எடுத்துப் போட்டிருந்தா, அதுக்கு அனுமதி யார்கிட்ட வாங்கணும்னு விசாரிக்கவும் இதுதான் சமயம்.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு, பிரதியைத் திறக்காமலே பண்ணக்கூடியது. ஒரு தாள்ல பாத்திரங்களோட பேர், வயசு, உறவு, யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்க, எல்லாத்தையும் ஞாபகத்துலேருந்து எழுதறது. தமிழ்ல இது ரொம்ப முக்கியம். நான் எழுதி வெச்சப்ப, பெரியப்பா பாத்திரத்தைக் கதைசொல்லி ‘அவர்’னு சொல்றானா ‘அவன்’னு சொல்றானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பின்னாடி சரிபார்த்தா, மூணாம் அத்தியாயத்துல ‘அவர் வந்தார்’, ஒன்பதாம் அத்தியாயத்துல ‘அவன் வந்தான்’. நடுவுல மரியாதை குறையற மாதிரி ஒரு சம்பவமும் இல்லை. எழுதின எனக்குத்தான் நடுவுல அவர் மேல கோபம் வந்திருக்கு!

அடுத்த நாவலை ஆரம்பிக்கலாமான்னு கேப்பீங்க. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் தபால் இலாகாவுல வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். கடிகாரத்தை முன்னால வெச்சு, கால் மணிக்கு 250 வார்த்தைன்னு எழுதுவார். ஒரு நாவலை முடிச்ச மறுநாளே அடுத்ததை ஆரம்பிச்சிருக்கார். அந்த வேகம் எனக்கு வராது. ஆனா ஒரு சிறுகதை, ஒரு கட்டுரை, ஏதாவது எழுதறது நல்லது. கையில வேற வேலை இருக்கும்போது, வர்ற விமர்சனம் நம்ம மொத்த எழுத்து மேலயும் விழாம, அந்த ஒரு பிரதி மேல மட்டும் விழும்.

பதிப்பகத்துக்கு அனுப்பினவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. அங்கே வாரம் இல்லை, மாசக்கணக்குதான். எவ்வளவு நாள்ல பதில் சொல்வோம்னு அவங்க போட்டிருந்தா அதுவரைக்கும் சும்மா இருங்க. தாண்டினா ரெண்டு வரியில மரியாதையா ஒரு நினைவூட்டல். போன் பண்ணி ‘படிச்சிட்டீங்களா’ன்னு கேக்காதீங்க.

(திரையில்: ஒட்டிய உறை. மேலே பேனாவில் தேதி.)

கடைசியா ஒண்ணு. பதில் வர்றதுக்கு முன்னாலயே, கதையில எது பலவீனம்னு உங்களுக்குத் தோணுதோ அதை ஒரு தாள்ல எழுதி, உறையில போட்டு ஒட்டிடுங்க. விமர்சனம் வந்த பிறகு எழுதினா, ‘எனக்கு அப்பவே தெரியும்’னு நம்மை நாமே ஏமாத்திக்குவோம்.

நான் எழுதி வெச்சது: ‘பன்னிரண்டாம் அத்தியாயம் இழுவை.’ மூணு பேர்கிட்ட கொடுத்திருந்தேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி, ‘எந்த இடத்துல கீழ வெச்சிட்டு வேற வேலை பார்க்கப் போனீங்க?’ ஐந்து வாரத்துக்கு அப்புறம் பதில் வந்துச்சு. பன்னிரண்டைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. மூணு பேரும் கீழ வெச்சது நாலாவது அத்தியாயத்துல. நான் ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டிருந்த அத்தியாயம் அது.

அன்னைக்கு ‘நன்றி, நிதானமா யோசிக்கறேன்’னு மட்டும் பதில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுதான் நாலாம் அத்தியாயத்தைத் திறந்தேன். அதுக்கு முன்னால, ஒரு ஆர்வத்துல, மூணு பேரோட குறிப்பையும் மறுபடி பார்த்தேன்.

ரெண்டு பேர்கிட்ட இருந்தது திருத்தாத பழைய பிரதி. ‘கதைவைத் திறந்தாள்’ங்கறதை ரெண்டு பேருமே கவனிக்கலை.