குடையும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை

வணக்கம் நேயர்களே. 1978 செப்டம்பர் 7. லண்டன் வாட்டர்லூ பாலத்தில் பேருந்துக்காக நின்றிருந்தார் கியோர்கி மார்க்கோவ். பல்கேரியாவை விட்டு வெளியேறிய எழுத்தாளர், பிபிசியில் வேலை, அதிபர் ஷிவ்கோவின் ஆட்சியை வானொலியில் தோலுரித்துக்கொண்டிருந்தவர். வலது தொடையின் பின்புறம் சுருக்கென்றது. திரும்பினால், ஒருவன் கீழே விழுந்த குடையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டான். அன்றிரவே கடும் காய்ச்சல். 11ஆம் தேதி மார்க்கோவ் இறந்தார்.

உலகம் இதைக் 'குடைக் கொலை' என்றே சொல்லிப் பழகிவிட்டது. அந்தக் குடை யார் கைக்கும் சிக்கவில்லை. மார்க்கோவின் தொடைக்குள் நஞ்சு வைத்த சிறு உலோகக் குண்டைச் செலுத்தியது வேறொரு சிறு கருவி, குடை கவனத்தைத் திருப்பத்தான் என்று கருதுவோரும் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கையில் கிடைத்த உறுதியான தடயம் ஒன்றுதான்: பிரேதப் பரிசோதனையில் தொடையிலிருந்து எடுத்த உலோகக் குண்டு. குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். பிளாட்டினம் 90 சதவீதம், இரிடியம் 10 சதவீதம். அதில் 0.35 மில்லிமீட்டர் அளவில் இரண்டு துளைகள். உள்ளே நஞ்சு மிச்சமில்லை. அப்படியானால் அது ரிசின், அதாவது ஆமணக்கு விதையில் இருக்கும் நஞ்சு, என்று எப்படிச் சொன்னார்கள்? அந்தத் துளைகளில் அரை மில்லிகிராம்கூட அடங்காது. அவ்வளவு சிறிய அளவில் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சுகள் மிகச் சில. நோய்க்குறிகளை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். பிரிட்டன் அரசின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் ஒரு பன்றிக்கு ரிசின் செலுத்திப் பார்த்தபோது, அதே குறிகளோடு அது செத்தது. ஆக, நஞ்சின் பெயரே நேரடிச் சான்றால் வந்ததல்ல, ஊகத்தால் வந்தது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஊகத்துக்கு வலுச்சேர்த்தவர் விளாதிமிர் கோஸ்தோவ். அவரும் பல்கேரியாவிலிருந்து வெளியேறியவர். மார்க்கோவ் தாக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு பாரிஸ் மெட்ரோவில் அவர் முதுகில் தைத்திருந்தது அதே மாதிரிக் குண்டு. தடித்த உடை தடுத்ததால் ஆழமாக இறங்கவில்லை, பிழைத்துக்கொண்டார்.

அடுத்து ஆளைத் தேடும் வேலை. 1989இல் ஷிவ்கோவின் ஆட்சி விழுந்த பிறகு பல்கேரிய ஆவணக் காப்பகத்தில் பார்த்தால், மார்க்கோவ் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன. அதற்காக ஓர் உளவுத்துறை ஜெனரல் சிறைக்கும் போனார். ஆனால் ஓர் உளவாளியைப் பற்றி ஒரே இடத்தில் மட்டும் எழுதிவைப்பதில்லை. பணம் கொடுத்த பதிவு, கடவுச்சீட்டு, பயண விவரம் என்று பல பிரிவுகளில் எழுத்து விழுந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எரிப்பது லேசல்ல. மிஞ்சிய தாள்களில் 'பிக்காடில்லி' என்ற புனைபெயர் வந்தது. ஆள் ஃபிரான்செஸ்கோ குல்லினோ: இத்தாலியில் பிறந்தவர், கடத்தல் வழக்கில் பல்கேரியாவில் சிக்கி உளவாளியானவர், டென்மார்க்கில் குடியேறியவர்.

1993இல் கோபன்ஹேகனில் அவரை விசாரித்தார்கள். உளவு பார்த்ததை ஒப்புக்கொண்டார், கொலையை மறுத்தார். இங்கேதான் வழக்கு முட்டி நின்றது. ஒருவர் சம்பளம் வாங்கிய உளவாளி என்பதைக் கோப்பு காட்டும். பாலத்தில் நின்ற கை அவருடையது என்று காட்டாது. அதற்கு அடையாளம் காட்டும் சாட்சி வேண்டும், இல்லையென்றால் கைரேகை பதிந்த கருவி வேண்டும். இரண்டுமே இல்லை.

2013இல் காலவரம்பு முடிந்ததென்று பல்கேரியா விசாரணையை மூடியது. குல்லினோ 2021இல் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில், இந்தக் கொலைக்காகக் குற்றம் சாட்டப்படாமலே இறந்தார்.