வகுப்பில் இங்கிலீஷ், வாசலுக்கு வெளியே ஜெர்மன்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர் நிறைந்த கொழிஞ்சாம்பாறையில் ஒரு நூலக அரங்கில், மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பாலக்காட்டிலிருந்து இங்கே வருகிற வழியெல்லாம் ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வுக்கான பயிற்சிப் பலகைதான். பாதிப் பலகையில் 'ஜெர்மனியில் இலவசப் படிப்பு' என்று போட்டிருக்கிறது. பொய் என்று சொல்ல மாட்டேன். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. இதையெல்லாம் எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

சரி, கட்டணத்தை விடுங்கள். விசாவுக்காக ஒரு முடக்கக் கணக்கில் பணம் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். இந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கிப் போட்டு, போனதும் வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்று சில ஏஜென்ட்டுகள் சொல்கிறார்கள். படிக்கிற காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாள், இல்லையென்றால் 280 அரை நாள் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டம் இடம் கொடுத்தால் போதுமா? வேலை கொடுக்கிறவர் பேசுவது உங்களுக்குப் புரிய வேண்டாமா? ஜெர்மன் தெரியாதவருக்குப் பெரும்பாலும் கிடங்கில் பெட்டி தூக்குவதும், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோவதும்தான். கடைக் கல்லாவில்கூட உட்கார முடியாது.

'கோர்ஸ் இங்கிலீஷில்தான், ஜெர்மன் தேவையில்லை.' ஏஜென்ட்டுகளின் இந்தப் பேச்சை மறுக்கத்தான் இன்று வந்தேன். வகுப்புக்குள் அது உண்மை. பல்கலைக்கழகம் கேட்பதும் இங்கிலீஷ் மதிப்பெண்தான். வாசலுக்கு வெளியே வந்தால் கதை வேறு.

அறை தேடும்போது பாருங்கள். மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருப்பார்கள். ஓர் அறை காலியானால், விண்ணப்பித்தவர்களை அழைத்துப் பேசிப் பார்ப்பார்கள். நம் ஊரில் பெண் பார்க்கிற மாதிரிதான், பஜ்ஜி மட்டும் இல்லை. சமைப்பாயா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், குப்பையைப் பிரித்துப் போடுவாயா என்று கேள்விகள். ஐந்து நிமிடம் உங்களுக்காக இங்கிலீஷ். அப்புறம் சிரிப்பும் பேச்சும் ஜெர்மனுக்குப் போய்விடும். நான் போன வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவில் இந்த வாரம் யார் குளியலறை கழுவுவது என்று ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. தப்பும் தவறுமாக அதை வாசித்து, "அடுத்த வாரம் என் பெயரா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அறை கிடைத்தது.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதைத் தராத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகாதீர்கள். முகவரி பதியாமல் அடுத்த காரியம் எதுவும் நகராது. அப்புறம் தபாலில் கடிதம் கடிதமாக வரும், எல்லாம் ஜெர்மனில்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். நம் சித்தூர் தாலுகாப் பிள்ளைக்கு மலையாளப் பேச்சு பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும்தான் வந்தது. தப்பாகப் பேச நாம் கூச்சப்படுவதில்லை. தமிழ் மீடியத்தில் படித்ததைக் குறையாக நினைக்கிற பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். ஒரே மொழியை வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே வாய் திறக்கத் தயங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மன் விசாவுக்கு இந்திய மாணவர்கள் முதலில் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற தாள், வாங்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்த விதி. அது வரும்வரை சும்மா காத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 இரண்டையும் முடித்துவிடலாம். கோவையிலேயே வகுப்பு இருக்கிறது, வேலந்தாவளம் தாண்டினால் பக்கம்தான். ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே போய் ஃபீஸ் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.